பழைய ராணுவத் துப்பாக்கிகள்: சேகரிப்பின் செலவும் சுவையும்

ஒரு நாட்டின் படை புதிய ரகத் துப்பாக்கிக்கு மாறும்போது பழையவை இலட்சக்கணக்கில் கிடங்குக்குப் போகின்றன. சில பத்தாண்டுகள் அங்கே கிடந்தபின் அவற்றில் ஒரு பகுதி உலையில் உருக்கப்படுகிறது. ஒரு பகுதி வேறு நாடுகளின் போர்களுக்குப் போய்விடுகிறது. எஞ்சியது உபரிச் சரக்காகத் தனியாருக்கு விற்கப்படுகிறது. அப்படி விற்பனைக்கு வந்த ரைஃபிள்களைத் தேடி வாங்கி, ஆராய்ந்து, பேணிவைக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஆழமாக வேரூன்றியது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஆனால் உபரிச் சரக்குக்கு மிகப் பெரிய தனியார் சந்தையாக இருந்துவருவது அமெரிக்காதான். ஆகவே இதன் செலவையும் சுவையையும் அந்நாட்டு நிலவரத்தை வைத்துப் பார்ப்பதே பொருத்தம்.

சேகரிப்பின் மையத்தில் இருப்பவை, போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ரைஃபிள்கள். 1880களின் இறுதி முதல் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை உலகின் காலாட்படைகள் பெரும்பாலும் இவற்றையே தூக்கின. ரஷ்யாவின் மோசின்-நாகாந்த், பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு, ஜெர்மனியின் மவுசர் கே98கே, ஜப்பானின் அரிசாகா, சுவிட்சர்லாந்தின் கே31 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அமெரிக்காவின் எம்1 கேரண்டு மட்டும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. மோசின்-நாகாந்த் சுமார் 3.7 கோடி, லீ-என்ஃபீல்டு சுமார் 1.7 கோடி, கே98கே 1.4 கோடிக்கு மேல் செய்யப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். இத்தனை கோடி செய்யப்பட்டதால் ஒரு காலத்தில் இவை மலிவாகக் கிடைத்தன. பல தொழிற்சாலைகளில், பல ஆண்டுகளில், பல நெருக்கடிகளுக்கு நடுவே செய்யப்பட்டதால் ஒன்றுக்கொன்று நுட்பமாக வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டைப் படித்தறிவதுதான் சேகரிப்பின் உயிர்நாடி.

மலிவுக் காலத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் சாமுவேல் கம்மிங்ஸ். 1953இல் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் இன்டர்ஆர்ம்ஸ் என்று அறியப்பட்டது. வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரில், பொடோமாக் ஆற்றங்கரையில் இருந்த அதன் கிடங்குகளுக்கு உலகெங்கிலுமிருந்து உபரித் துப்பாக்கிகள் வந்து குவிந்தன. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பத்திரிகை விளம்பரத்தைக் கத்தரித்துப் பணத்தோடு அனுப்பினால் ரைஃபிள் தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். லீ ஹார்வி ஆஸ்வால்டு 1963 மார்ச்சில் இத்தாலிய ராணுவத்தின் பழைய கார்கானோ ரைஃபிளை, தொலைநோக்கியோடு சேர்த்து, சிகாகோவின் ஒரு கடையிலிருந்து அப்படித்தான் பொய்ப் பெயரில் வாங்கினார். விலை 19.95 டாலர், தபால் செலவு 1.50 டாலர். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி அந்தத் துப்பாக்கியால் கொல்லப்பட்டார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்டபின், அவ்வாண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தபால் வழி விற்பனை நின்றது. வெளிநாட்டு ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியும் நின்றது. 1984இல்தான் சேகரிப்புக்குரிய பழம்பொருள் என்ற வகைக்கு மட்டும் இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்தது.

இன்றைய சேகரிப்பாளர்களின் உரிமமும் 1968 சட்டத்திலிருந்து வந்ததே. செய்து 50 ஆண்டு ஆன, மாற்றம் செய்யப்படாத துப்பாக்கி பழம்பொருள் வகையில் சேரும். அவற்றுக்கான சேகரிப்பாளர் உரிமத்தின் கட்டணம் மூன்றாண்டுக்கு 30 டாலர். உரிமம் உள்ளவர் வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, வந்தது எது, யாரிடமிருந்து, எந்த நாளில், போனது எது, யாரிடம் என்று ஒவ்வொன்றையும் கட்டுப்புத்தகத்தில் பதிந்து வைக்க வேண்டும். அரசு அதிகாரிகள் அதைப் பார்வையிடலாம். இந்த உரிமத்தை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. மாநிலச் சட்டங்கள் தனி. ஒரு மாநிலத்தில் தடையின்றி வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி பக்கத்து மாநிலத்தில் குற்றமாகலாம்.

விலை ஏறிய கதைக்கு மோசின்-நாகாந்த் நல்ல சாட்சி. சோவியத் அரசு போருக்குப் பின் இந்த ரைஃபிள்களைத் திரட்டிப் பழுதுபார்த்து, அடுத்த பெரும்போருக்கென்று கெட்டியான எண்ணெய்ப் பசையில் தோய்த்து, பெட்டிக்கு 20 வீதம் அடுக்கிவைத்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்தப் பெட்டிகள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்தன. 2000களின் இறுதியில்கூட 1930ஆம் ஆண்டு மாதிரி ஒன்று 100 டாலருக்குக் குறைவாகக் கிடைத்தது. கல்லூரி மாணவரின் பகுதிநேரச் சம்பளத்துக்கு எட்டும் விலை அது. ஒரு தலைமுறையே இந்தத் துப்பாக்கி வழியாகத்தான் சேகரிப்புக்குள் நுழைந்தது. அதே துப்பாக்கிக்கு இன்று சில நூறு டாலர் கொடுக்க வேண்டும். கிடங்குகள் காலியானது முதற்காரணம். பல நாடுகள் பழைய சிற்றாயுதங்களை உருக்கி அழிக்கும் திட்டங்களை மேற்கொண்டன. உக்ரைனில் அதற்கு நேட்டோ நிதி உதவியது. அரசியல் மற்றொரு காரணம். சீனத் துப்பாக்கிகளுக்கு 1994இல் தடை வந்தது. ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புதிய இறக்குமதி அனுமதி 2021இல் நிறுத்தப்பட்டது. இனி செய்யப்படப் போவதில்லை என்றான பொருளுக்கு வரத்தும் நின்றால் விலை ஒரு திசையில்தான் போகும்.

ஆனால் வாங்கும் விலை செலவின் முதல் தவணைதான். பெட்டியைத் திறந்ததும் வேலை தொடங்குகிறது. காஸ்மோலின் எனப்படும் அந்தப் பசை வாசலினைப் போன்ற பெட்ரோலியப் பொருள். பத்தாண்டுக்கணக்கில் கிடந்ததால் பழுப்பேறி, மெழுகுபோல் இறுகி, திருகாணித் துளைக்குள்ளும் மரத்தின் துளைகளுக்குள்ளும் ஊறிப்போயிருக்கும். துப்பாக்கியை முழுதாகக் கழற்றி, உலோகப் பாகங்களைச் சூடுகாட்டி, இளகி வழியும் பசையைத் துணிகொண்டு துடைத்தெடுக்க வேண்டும். மரப்பகுதியைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கோடை வெயிலில் வைத்தால் பசை தானாகவே கசிந்து வெளியேறும். மாலையில் துடைத்து மறுநாள் மீண்டும் வைக்க வேண்டும். இது ஒருநாள் வேலையில் முடியாது. தோட்டா அறையின் ஓரத்தில் ஒட்டிய பசையை விட்டுவிட்டால், சில குண்டுகள் சுட்டதும் அறை சூடேறி, போல்ட் இறுகிவிடும். கைப்பிடியை மரக்கட்டையால் தட்டித் திறக்கும் நிலை வரும். மோசின் ரைஃபிளுக்கு இறுகும் போல்ட் என்று கெட்ட பெயர் வந்ததற்கு அரைகுறையாகத் துடைத்தவர்களும் ஒரு காரணம்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. போல்ட் மூடியிருக்கும்போது அதன் முகப்புக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி வரையறுத்த அளவுக்குள் இருக்க வேண்டும். தேய்மானத்தால் அது கூடியிருந்தால் சுடும்போது பித்தளை உறை நீண்டு கிழியும். கொதிக்கும் வாயு பின்பக்கமாகப் பாயும். லீ-என்ஃபீல்டில் இந்த இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையாமலும் 0.074 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் வரம்பு. அளவுக்கட்டைகளை வாங்க வேண்டும், அல்லது துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிடங்குகளில் போல்ட்டுகளைத் தனியே கழற்றிக் குவித்து, பின்பு கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தியதும் உண்டு. ஆகவே இந்தச் சோதனையைச் சடங்காக நினைத்துத் தாண்டிப்போகக் கூடாது.

சில துப்பாக்கிகளைச் சுடவே கூடாது. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலை செய்த 8,00,000க்குக் கீழான எண்களும், ராக் ஐலண்டு ஆலை செய்த 2,85,507க்குக் கீழான எண்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. அந்நாளில் எஃகின் சூட்டை அளக்கக் கருவி வைத்திருக்கவில்லை. காய்ந்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே தொழிலாளர்கள் பதம் கண்டார்கள். பட்டறையில் வெளிச்சம் அதிகமான நாளில் நிறம் மங்கித் தெரியும். போதுமென்று தோன்றியபோது எஃகு வேண்டியதைவிடக் கூடுதலாகச் சூடேறியிருக்கும். அப்படிச் செய்தவற்றில் சில கண்ணாடிபோல் நொறுங்கின. எது அப்படி, எது சரியானது என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை. நேபாளத்தின் கஹேந்திரா ரைஃபிளும் அப்படியே. 2003இல் காட்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட பல்லாயிரம் துப்பாக்கிகளில் இது ஒரு வகை. பிரிட்டனின் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளை ஒட்டி நேபாளக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகக் கையால் செய்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. தேவநாகரி எழுத்துகளோடு சுவரில் நின்றாலே அதன் மதிப்பு விளங்கும். சுட்டுப் பார்க்க ஆசைப்படுவது ஆபத்து.

நெடுநாள் செலவில் பெரும்பங்கு தோட்டாவுக்கே போகிறது. மலிவுக் காலத்தில் 440 தோட்டாக்கள் அடைத்த, டப்பா உணவுபோல் மூடி சீல் வைத்த தகரப் பெட்டி ஒன்று 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. அந்தக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. இன்று லீ-என்ஃபீல்டுக்கான .303 தோட்டா புதிதாக வாங்கினால் ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் ஆகிறது. மாதம் ஒருமுறை சுடுதிடலுக்குப் போய் 50 தோட்டா சுடுகிறவருக்கு ஆண்டுக்கு 600 தோட்டா வேண்டும். துப்பாக்கி எந்த விலைக்கு வந்திருந்தாலும் சில ஆண்டுகளில் தோட்டாக் கணக்கு அதை மிஞ்சிவிடும். ஆகவே பலர் சுட்ட உறைகளைப் பொறுக்கிவந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் மருந்தும் குண்டும் புதிதாக வைத்துத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். அதிலும் ஒரு தடை உண்டு. ஐரோப்பிய, சோவியத் ராணுவத் தோட்டாக்கள் பெரும்பாலும் பெர்டான் பிரைமர் வகை. அவற்றைக் கழற்றி மீண்டும் அடைப்பது மிகத் தொல்லையானது. இரும்பு உறையென்றால் பயனே இல்லை.

பழைய ராணுவத் தோட்டாவில் மறைந்திருக்கும் இன்னொரு செலவு உப்பு. அந்நாளைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. ராணுவங்கள் அதை விரும்பியதற்குக் காரணம் உண்டு: பல்லாண்டு கிடந்தாலும், கடும் பனியிலும், அது தவறாமல் பற்றும். ஆனால் அது எரிந்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு படிகிறது. சமையல் உப்பைப் போலவே அது காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பைத் துருவாக்கும். எண்ணெயில் கரையாது, துப்பாக்கி துடைக்கும் பெரும்பாலான திரவங்களிலும் கரையாது. அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பு அடியில் அப்படியே இருந்து அரிக்கும். அதைக் கரைப்பது தண்ணீர் ஒன்றே. எனவே சுட்ட அன்றே, துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து கொதிநீரைப் புனல் வைத்து ஊற்ற வேண்டும். முதலில் கறுப்பாக வரும் நீர் மெல்லத் தெளியும். குழல் கைவைக்க முடியாத அளவு சூடாவதால் ஈரம் தானே உலர்ந்துவிடும். பிறகு துணித்துண்டைச் செலுத்தித் துடைத்து, அதன்பின் எண்ணெய். பிரிட்டிஷ் படையில் இதற்கென்றே ஒரு புனல் வழங்கினார்கள். ஒருநாள் சோம்பல் ஒரு நூற்றாண்டுக் குழலைக் கெடுத்துவிடும். உட்புறம் பளிச்சென்று இருக்கும் பழைய குழல் ஒன்றைக் காணும்போது, அதைத் தூக்கிய ஒவ்வொரு சிப்பாயும் தவறாமல் இதைச் செய்திருக்கிறான் என்று கொள்ளலாம்.

வைத்துக் காப்பதும் செலவே. திருட்டுக்கும் குழந்தைகளின் கைக்கும் எட்டாத இரும்புப் பெட்டகம் முதல் தேவை. சேகரிப்பாளருடைய வீட்டிலிருந்து போன துப்பாக்கி ஒரு குற்றத்தில் வெளிப்பட்டால் அந்தப் பொறுப்பிலிருந்து மனம் விலகாது. பெட்டகத்தின் விலையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல பெட்டகம் பல சமயம் உள்ளே வைக்கும் முதல் மூன்று நான்கு துப்பாக்கிகளின் விலைக்குச் சமம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோ சிறு வெப்பக் குழலோ உள்ளே இருக்க வேண்டும். பயணத்துக்கென்று வரும் பஞ்சு வைத்த பெட்டியில் நெடுநாள் விட்டால் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றும். காப்பீடு, சுடுதிடல் உறுப்பினர் கட்டணம் ஆகியவையும் ஆண்டுதோறும் வரும்.

மேற்சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு அறியாமையால் வருவது. 1950களிலும் 60களிலும் உபரி லீ-என்ஃபீல்டை வாங்கியவர்களில் பலர் மான்வேட்டைக்காக அதன் முன்மரத்தை அறுத்தார்கள், குழலைக் குறுக்கினார்கள், குறிக்கருவியைக் கழற்றி எறிந்தார்கள். அன்று அது சிக்கனம். யாரையும் குறைசொல்ல இடமில்லை. இன்று அறுத்த துப்பாக்கியை முழுமையாக்கப் பழைய மரமும் வளையங்களும் தேடி வாங்கினால் செலவு முழுத் துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடுகிறது. இன்னும் நடந்துகொண்டிருக்கும் தவறு மணல்தாள். அழுக்கேறிய மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆய்வாளரின் முத்திரை, பழுதுபார்த்த பட்டறையின் அடையாளம், அரசு உடைமைக் குறி ஆகிய எல்லாம் அந்தத் தூளோடு போய்விடும். பின்பு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவை திரும்பி வரா.

விலை எங்கே ஏறுகிறதோ அங்கே போலியும் ஏறும். எல்லாப் பாகங்களிலும் ஒரே எண் பொறித்த கே98கே, எண்கள் கலந்த அதே துப்பாக்கியைப் போல் சில மடங்கு விலை போகிறது. எனவே எண்ணை அழித்து மறுபடி பொறிப்பவர்கள் இருக்கிறார்கள். நாஜிப் படைப்பிரிவுகளின் முத்திரையைப் புதிதாகக் குத்தியும், சாதாரணத் துப்பாக்கியில் தொலைநோக்கித் தாங்கியைப் பொருத்திக் குறிசுடுவோர் துப்பாக்கியாகக் காட்டியும் விற்பார்கள். பாட்டனார் போரில் கைப்பற்றியது என்ற கதையும் கூடவே வரும். கதைக்குக் காசு கொடுக்காதே, துப்பாக்கிக்கு மட்டும் கொடு என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் எச்சரிக்கை. போலியிலிருந்து காப்பவை புத்தகங்கள். லீ-என்ஃபீல்டு பற்றி ஆஸ்திரேலியரான இயன் ஸ்கென்னர்டன் எழுதியவை போன்ற ஆய்வு நூல்கள் பதிப்பு தீர்ந்தபின் அவையே அரும்பொருளாகிவிடுகின்றன. ஆயினும் முதல் துப்பாக்கிக்கு முன்பே முதல் புத்தகத்தை வாங்கியவர்களே இதில் குறைவாக இழக்கிறார்கள்.

இவ்வளவு செலவும் உழைப்பும் கவலையும் கொடுத்து மனிதர்கள் பெறுவது என்ன? பெரும்பாலும் அது படிக்கும் இன்பம். ராணுவத் துப்பாக்கி தன் வாழ்க்கைக் குறிப்பைத் தன் உடலிலேயே சுமக்கிறது.

இந்தியாவில் செய்த லீ-என்ஃபீல்டு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். மரப்பிடி இரும்போடு சேரும் கழுத்தில், வலப்பக்கத்தில், ஒரு கிரீடம் பொறித்திருக்கும். அதன் கீழே ஜி, ஆர், ஐ என்று மூன்று ரோம எழுத்துகள். பிரிட்டனில் செய்ததில் ஜி, ஆர் மட்டுமே: ஜார்ஜ் என்னும் அரசன். இந்தியத் துப்பாக்கியில் கூடுதலாக நிற்கும் ஐ, பேரரசன் என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து. பிரிட்டனின் மன்னர் இந்தியாவுக்குத்தான் பேரரசர். ஓர் எழுத்தில் அந்த ஆட்சியின் ஏற்பாடு முழுதும் அடங்கிவிடுகிறது. அதன்கீழ் இஷாப்பூர் என்ற ஊர்ப்பெயர். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இன்றும் ரைஃபிள் தொழிற்சாலை உள்ள ஊர் அது. பின்பு ஆண்டு, பின்பு ரகம். மூன்றாம் மாதிரியின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது 1916இல் வந்த எளிமைப்படுத்திய வடிவம். முதல் உலகப் போரின் தேவையைச் சமாளிக்க, தோட்டாப் பெட்டியை மூடிவைக்கும் தகட்டையும் நெடுந்தொலைவுக் குறிக்கருவியையும் விட்டுவிட்டார்கள். விடுதலைக்குப் பின் செய்த துப்பாக்கியில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்து நிற்கின்றன. எஃகு அதே எஃகு. வடிவமும் அதே வடிவம். ஆட்சி மாறியது அந்தக் கழுத்துப்பட்டையில் மட்டும் தெரிகிறது. தோட்டாப் பெட்டிக்கு முன்னால், மரத்தின் குறுக்கே ஒரு திருகாணியும் இருக்கும். பிளக்காமலிருக்க மரத்தை இறுக்கிப் பிடிக்கும் அந்த ஆணியைச் சேகரிப்பாளர்கள் உலகெங்கும் இஷாப்பூர் திருகு என்றே அழைக்கிறார்கள்.

ஃபின்லாந்தின் மோசின் ரைஃபிள்கள் வேறுவகை வாசிப்பு. ஃபின்லாந்து மோசினின் உடற்பகுதியைத் தன் நாட்டில் செய்யவே இல்லை. ரஷ்யப் பேரரசு விட்டுப்போனதையும் போரில் கைப்பற்றியதையும் எடுத்து, புதிய குழலும் மரமும் பூட்டித் தன் படைக்குத் தந்தது. மேலே 1942 என்று பொறித்த எம்39 ரைஃபிளின் திருகாணிகளைக் கழற்றி மரத்திலிருந்து தூக்கினால், உடலின் வால்பகுதியின் அடியில் 1890களின் ஆண்டு ஒன்று தென்படலாம். ஜார் மன்னரின் படைக்காகச் செய்த இரும்பு, ஐம்பது ஆண்டு கழித்து அதே ரஷ்யாவை எதிர்த்து நின்றிருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு நடைமுறைப் பொருளும் உண்டு. 1898க்குள் செய்த உடற்பகுதி தொல்பொருளாகக் கருதப்படும். கூட்டாட்சித் துப்பாக்கி உரிமச் சட்டம் அதற்குப் பொருந்தாது. கழற்றிப் பார்த்த பின்புதான் அது தெரியவரும்.

ஜப்பானிய அரிசாகாவின் உடலில் பேரரசரின் சாமந்திப்பூ முத்திரை இருந்தது. 1945இல் சரணடைந்து ஒப்படைத்தபோது பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தப் பூவைத் தேய்த்து அழித்துவிட்டார்கள். பூ முழுமையாக நிற்கும் துப்பாக்கி பெரும்பாலும் போர்க்களத்தில் எடுத்தது. போரின் கடைசி மாதங்களில் செய்தவற்றில் மரம் கரடுமுரடாக இருக்கும். இரும்பில் அரத்தின் கோடுகள் அப்படியே நிற்கும். குறிக்கருவி அசையாத ஒரு துளையாகச் சுருங்கியிருக்கும். 1940இலும் 1945இலும் செய்த இரண்டை அருகருகே வைத்தால், ஒரு நாட்டின் தொழில் ஐந்தாண்டில் எப்படி வற்றியது என்பது கையால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

சுவிஸ் கே31தான் இவற்றில் மிக நெருக்கமாகப் பேசுவது. சுவிட்சர்லாந்தில் படைக்கடமை உள்ள குடிமகன் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருந்தான். மரப்பிடியின் பின்தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால், சில துப்பாக்கிகளில் மடித்து வைத்த சிறு அட்டை ஒன்று கிடைக்கும். அதில் சிப்பாயின் பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு, ஊர் இருக்கும். அந்த ஊருக்குக் கடிதம் எழுதி, முதியவரான அந்தப் பழைய சிப்பாயிடமிருந்தோ அவர் குடும்பத்திடமிருந்தோ பதில் பெற்ற அமெரிக்கர்கள் உண்டு. கே31இன் மரப்பிடி அடிப்பகுதியில் கறுத்தும் அடிபட்டும் இருப்பது வழக்கம். பனியிலும் சேற்றிலும் ஊன்றி நிறுத்தியதன் தழும்பு அது. மணல்தாள் பிடித்தவர் கையில் முதலில் மறைவதும் அதுதான்.

சுடுவதன் இன்பமும் உண்டு. அது இலக்கில் குறி விழுவதோடு நிற்பதில்லை. லீ-என்ஃபீல்டின் போல்ட் 60 பாகை மட்டுமே திரும்பும். குறுகிய வீச்சில் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். பெட்டியில் 10 தோட்டா. 300 கஜத் தொலைவில் ஒரு நிமிடத்தில் 15 முறை குறிபார்த்துச் சுடுவது 1914இன் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வகுத்த பயிற்சி. அதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. நாலு கிலோ எடையைத் தோளில் தாங்கி ஒரு நிமிடம் முயன்று எட்டாவதிலேயே மூச்சு வாங்குவது வேறு. மோசினோ பயனெட்டை மாட்டியபடியே சுடவேண்டுமென்று குறி அமைத்த துப்பாக்கி. பயனெட் இல்லாமல் சுட்டால் குண்டு விலகிப்போகும். இதை அறியாதவர்கள் துப்பாக்கி கோணல் என்று நினைத்துவிடுகிறார்கள். எரி ஏரிக்கரையிலுள்ள ஒஹாயோவின் கேம்ப் பெரியில் ஆண்டுதோறும் பழைய ராணுவ ரைஃபிள்களுக்கென்றே போட்டி நடக்கிறது. அதை நடத்தும் குடிமக்கள் குறிசுடல் அமைப்பு, 1903இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி 1996இல் தனி நிறுவனமாக்கப்பட்டது. எம்1 கேரண்டுகளை அளந்து, தரம் பிரித்து, குறைகளைச் சொல்லியே விற்பதும் அதுதான். புதிதாகத் தொடங்குபவருக்கு ஏமாற வாய்ப்பு குறைந்த இடம் அது.

இந்தியாவில் இந்தச் சேகரிப்பு வளர வழியில்லை. தமிழ்நாட்டில் சிற்றூர்க்காரருக்கும் தெரிந்த த்ரீ நாட் த்ரீ (.303), ஆயுதச் சட்டத்தின்கீழ் பொதுமக்களுக்குத் தடைசெய்த துளை அளவு. வேட்டைக்கும் தற்காப்புக்கும் உரிமம் பெற்றவர்களுக்கென்று இஷாப்பூர் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 ரைஃபிளைச் செய்தது. ராணுவத் தோட்டா அதில் நுழையாது என்பதே அந்த அளவைத் தேர்ந்ததன் நோக்கம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 1962 சீனப் போருக்குப் பின் இஷாப்பூர் வலுவான எஃகில், 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்று செய்த 2ஏ1 ரைஃபிளை இன்று பெருமையோடு கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் டெக்சாஸிலும் ஒஹாயோவிலும் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303க்கு விடைகொடுத்தது. இப்படி ஓய்வுபெறும் துப்பாக்கிகளை வீட்டுக்கு விற்க வேண்டியதில்லை, விற்கவும் கூடாது. ஆனால் ஒவ்வொரு ஆண்டு, ஒவ்வொரு மாதிரியிலும் சிலவற்றைச் செயலிழக்கச் செய்து, முத்திரைகளைப் படித்துப் பதிந்து, அருங்காட்சியகங்களில் வைக்கலாம். உருக்கியபின் அந்தப் பதிவைச் செய்ய முடியாது.

சேகரிப்பின் கடைசிக் கணக்கு சேகரிப்பாளருக்குப் பின் வருவது. வீட்டார் பெட்டகத்தைத் திறக்கும்போது எந்தத் துப்பாக்கி 300 டாலர், எது 3,000 டாலர் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. படைவீரர் போரிலிருந்து கொண்டுவந்ததற்கு அதிகாரி தட்டச்சு செய்து கையெழுத்திட்டுத் தந்த அனுமதித் தாள், துப்பாக்கியோடு இருந்தால் அதன் மதிப்பைப் பெரிதும் கூட்டும். தனியே ஒரு கோப்பில் கிடந்தால் வெறும் பழைய காகிதமாகக் குப்பைக்குப் போகும். சுவிஸ் அட்டையும் அப்படியே. ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் உறை வைக்கிறார்கள். வாங்கிய நாள், கொடுத்த விலை, எண்கள், முத்திரைகளின் படம், மாற்றிய பாகம் எது, கழற்றிய மூலப்பாகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, சுடலாமா கூடாதா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். உறையின் மேல், நம்பி விலை கேட்கத்தக்க ஒருவரின் பெயரும் இருக்கும்.